இலவச ஆட்டம், விடிய விடிய வேடம்

காஞ்சிபுரத்திலிருந்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்களில் ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பவர்கள் குறைவு. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் தூங்குகிறார்கள். மீதிப் பேர் போனில் இருக்கிறார்கள். போன் நின்றபடி இருந்தால் ரீல்ஸ், படுத்தபடி இருந்தால் ஆட்டம். பஸ் நேராகப் போகும்போதே ஒருவரின் தோள் இடப்பக்கம் சாய்ந்தால் அவர் கார் ஓட்டுகிறார். இரண்டு கட்டைவிரல்களும் பதறினால் ஏதோ ஒரு தீவில் யாரையோ துரத்திக்கொண்டிருக்கிறார். இறங்கும் இடம் வந்ததும் பேட்ஜை மாட்டிக்கொண்டு வரிசையில் போய் நிற்கிறார்.

இந்த மாவட்டத்துக்கும் அந்தச் சின்னத் திரைக்கும் உறவு நேற்று வந்ததல்ல. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1997லிருந்தே நோக்கியா போன்களில் பாம்பு ஆட்டம் கூடவே வந்துகொண்டிருந்தது. கேட்காமலேயே வீட்டுக்கு வந்த முதல் இலவச மின்னணு ஆட்டம் நம்மில் பலருக்கு அந்தப் பாம்புதான். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைத் தயாரிக்கிறது. பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை. அங்கேயே, 1990லிருந்து, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயப் பாதையும் இருக்கிறது. போன் செய்யும் இடம், கார் செய்யும் இடம், பந்தயம் விடும் இடம் மூன்றும் இந்த மாவட்டத்துக்குள்ளேயே.

ஆனாலும் நெசவுக் குடும்பத்துப் பையனுக்கு ரேஸ் கார் கிடைப்பது போனுக்குள் மட்டும்தான். கார் பந்தயம் காசு தின்னும் விளையாட்டு. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர், கோயம்புத்தூர் நாரெய்ன் கார்த்திகேயன், ஆண்டு 2005. அவருடைய அப்பாவே பேர்பெற்ற ராலி வீரர். அப்படி ஓர் அப்பா வாய்க்காதவர்கள் டவுன்லோடு பட்டனை அழுத்துகிறார்கள். ஒரு வகையில் அது நல்லதுதான். நெடுஞ்சாலையில் பைக் ரேஸ் விட்டு முதுகெலும்பை உடைத்துக்கொள்ளும் பையன்களைப் பற்றி மாதம் தவறாமல் செய்தி படிக்கிறோம். போனில் ஓடும் கார் எத்தனை முறை கவிழ்ந்தாலும் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை.

இலவசம் ஒரே நாளில் வரவில்லை. 2000களில் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டித்தான் ரோடு ரேஷும் நீட் ஃபார் ஸ்பீடும் ஆட முடிந்தது. அங்கே இருந்தவையும் பெரும்பாலும் திருட்டுப் பிரதிகள். 2011 செப்டம்பர் 15 அன்று, காஞ்சிபுரம் பெற்ற அண்ணாவின் பிறந்தநாளில், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பாடம் படிக்கத்தான் கொடுத்தார்கள். பென்டிரைவ் வழியே அதற்குள் கார்கள் வந்து இறங்கியதைப் பள்ளிக்கூடத்தில் அறியாதவர் இல்லை. 2016 செப்டம்பர் 5ல் ஜியோ வந்தது. அடுத்த மார்ச் வரை டேட்டாவுக்குக் காசே இல்லை. 2020 ஊரடங்கு மிச்சமிருந்த வேலியையும் பிடுங்கிப் போட்டது. ஆன்லைன் வகுப்புக்குப் போன் வேண்டும் என்றானதும், நகையை அடகு வைத்தாவது வாங்கிக் கொடுத்த வீடுகள் உண்டு. வகுப்பு நின்றுபோனது, போன் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது.

எந்த ஆட்டம் என்பதைப் போனின் விலைதான் முடிவு செய்கிறது. 2020ல் வெளிவந்த ஜென்ஷின் இம்பாக்ட், வேடம் ஏற்று ஆடும் ரோல் பிளேயிங் வகையில் பேரெடுத்த சீன ஆட்டம். இலவசம்தான், ஆனால் நல்ல போன் கேட்கும், இடத்தை அடைக்கும். சிற்றூர்களை வளைத்துப் போட்டது கரீனா நிறுவனத்தின் ஃப்ரீ ஃபயர். 2017ல் வந்தது. மலிவு போனிலும் ஓடும். 50 பேர் இறங்கி, பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பப்ஜியில் 100 பேர், அரை மணி நேரம். இவை சுடும் ஆட்டங்கள் என்றாலும் வேடம், லெவல், உடை, ஆயுதம் என்று ரோல் பிளேயிங்கின் சரக்கை எல்லாம் கடன் வாங்கிக்கொண்டவை. நெட் இல்லாத இடத்துக்கு இருக்கவே இருக்கிறது ஹில் கிளைம்ப் ரேசிங். பின்லாந்துக்காரர்கள் 2012ல் செய்தது. ஒரு ஜீப், மேடு பள்ளம், தீர்ந்துகொண்டே வரும் பெட்ரோல், அவ்வளவுதான்.

புஞ்சரசந்தாங்கல் வரை போனால் போதும்

இந்த ஆட்டங்களில் அப்படி என்னதான் இருக்கிறது? விடை தேடி அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்குப் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தை ஒட்டியிருக்கும் புஞ்சரசந்தாங்கல் வரை போனால் போதும். கட்டைக்கூத்துச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. கூத்துக் கலைஞர் பி.ராஜகோபாலும் மற்ற கலைஞர்களும் 1990ல் தொடங்கிய சங்கம் அது. 2002ல் பிள்ளைகளுக்காகக் குருகுலமும் நடத்தத் தொடங்கினார்கள்.

தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும்போது பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜக்கட்டைகளும் உடம்பில் ஏறியதும், பகலெல்லாம் வயலில் நின்றவர் துரியோதனன் ஆகிவிடுகிறார். அர்ச்சுனன் தபசு நடக்கும் நாளில், சிவனிடம் பாசுபதம் வேண்டி, அர்ச்சுனன் வேடம் கட்டியவர் வானளாவிய கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறார். கீழே ஊரே அண்ணாந்து நிற்கிறது. ஓர் ஆயுதம் கைக்கு வர அத்தனை பாடு. ரோல் பிளேயிங் ஆட்டத்தின் எலும்புக்கூடு முழுவதும் இதில் இருக்கிறது. ஒரு வேடம், நெடும் பயணம், பாடுபட்டுப் பெறும் ஆயுதம், கூட நிற்கும் கூட்டம், விடியும் வரை நேரம். கடைசி நாளில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் வீழ்கிறானே, ஆட்டக்காரப் பையன்கள் ‘பாஸ் ஃபைட்’ என்கிறார்களே, அது இதுதான்.

வேறுபாடும் பெரிது. கூத்தில் வேடம் கட்ட வாத்தியாரிடம் வருடக்கணக்கில் அடி வாங்கிக் கற்க வேண்டும். எந்தக் குடும்பம், எந்தச் சாதி, ஆணா பெண்ணா என்பதெல்லாம் நெடுங்காலம் குறுக்கே நின்றது. போனில் அந்தக் கேள்விகள் இல்லை. பேரை நாமே வைத்துக்கொள்ளலாம், முகத்தை நாமே பொறுக்கிக்கொள்ளலாம். வகுப்பில் கடைசி பெஞ்ச், வீட்டில் ‘ஒண்ணுத்துக்கும் ஆகமாட்டான்’ என்று பேரெடுத்த பையன், இரவில் ஸ்குவாடுக்குத் தலைவன். ‘ரைட்டுல வண்டி வருதுடா, மேல ஏறு’ என்று அவன் சொன்னால் மூன்று பேர் ஏறுகிறார்கள். அந்த மூவரில் ஒருவன் மதுரை, ஒருவன் துபாய். மூவருக்கும் அவனுடைய மார்க் தெரியாது, அவனுடைய அப்பாவின் கடன் தெரியாது. பத்து நிமிடத்துக்கு அவன் சொல் அம்பலம் ஏறுகிறது. இதைப் போதை என்று ஒரே வார்த்தையில் அடக்குகிறவர்கள், அந்தப் பையனுக்குப் பகலில் யார் காது கொடுக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். ஆனால் ஆண் பேரில், மைக்கை அணைத்துவிட்டு. குரல் கேட்டுவிட்டால் எதிர்முனையில் என்ன பேச்சு கிளம்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். 2021 ஜூனில், பப்ஜி ஆட்டத்தை ஆபாசப் பேச்சோடு யூடியூபில் ஒளிபரப்பிய வழக்கில் ஒருவரைத் தருமபுரியில் போலீஸ் பிடித்தது. அவருக்கு இருந்த ரசிகர் கூட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதுதான் அன்றைக்குப் பெற்றோரை அதிரவைத்தது. கூத்தில் கோமாளியான கட்டியங்காரன் பச்சையாகப் பேசினால் ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். இங்கே முன்வரிசை காலி.

பந்தய ஆட்டமும் இந்தக் கோயில் ஊருக்குப் புதிதில்லை. தாயமே ஒரு பந்தயம்தான். யார் காய் முதலில் பழமாகிறது என்பதுதானே கணக்கு. பரமபதத்தில் அது இன்னும் வெளிப்படை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. ராத்திரி பூரா ஆடினால் புண்ணியம் என்று சொல்லித் தந்த பாட்டி, நள்ளிரவு இரண்டு மணிக்குப் பேரன் ஆடினால் மட்டும் ஏன் பதறுகிறார்? பதறுவதில் நியாயம் இருக்கிறது. ஏகாதசி வருடத்துக்கு ஒரு ராத்திரி. போனில் தினமும் ஏகாதசி.

இந்தோனேசியச் சாலையில் நம்ம ஊர் பஸ்

சுடுவதும் துரத்துவதும் இல்லாத ஓர் ஆட்டம்தான் எனக்குப் பெரிய வியப்பு. பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா. 2017ல் மாலியோ என்ற இந்தோனேசிய நிறுவனம் இலவசமாக வெளியிட்டது. இதில் வண்டியின் வண்ணத்தையும் எழுத்தையும் நாமே வரைந்து ஒட்டலாம்; வெளியார் செய்த வண்டிகளையும் கொண்டுவந்து சேர்க்கலாம். விடுவார்களா நம் பையன்கள்? அரசுப் பேருந்து, ஆம்னி பஸ் எல்லாவற்றையும் உள்ளே இறக்கிவிட்டார்கள். போர்டில் ஊர்ப் பேர் தமிழில், கண்ணாடியில் சாமி படம். ஓடுவது என்னவோ ஜாவாத் தீவின் சாலையில். ஸ்டாப்பில் நிறுத்தி ஆள் ஏற்றி, ஹாரன் அடித்து, லாரியை ஓவர்டேக் எடுத்து, அடுத்த ஊரில் இறக்கிவிடுவதுதான் மொத்த ஆட்டமும்.

ஜெயிப்பதில்தான் ஆட்டத்தின் ருசி என்று நினைப்பவர்களுக்கு இந்த பஸ் விளங்காது. இன்ஜின் மேல் உட்கார இடம் கிடைத்து, டிரைவர் கியர் போடுவதையே பார்த்துக்கொண்டு ஊர் போன எவருக்கும் உடனே விளங்கும். தன் ஊரைத் தான் ஆடும் ஆட்டத்துக்குள் பார்க்க வேண்டும் என்ற ஆசை அது. அந்த ஆசைக்குத் தீனி போட இங்கே ஆள் குறைவு. கடல் கடந்த ஒரு முயற்சியைச் சொல்ல வேண்டும். டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. 2024ல் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. அதில் நாம் முதலில் செய்ய வேண்டிய பண்டம் இட்லி. (மந்தாரை இலையில் வேகும் கோயில் இட்லி இல்லை, அந்த வருத்தம் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இருக்கட்டும்.) ‘வெண்பா’ காசு கொடுத்து வாங்கும் ஆட்டம். அதனால்தான் நம்மூர்ப் பையன்களில் பெரும்பாலோர் அதைக் கேள்விப்படவே இல்லை.

நாடா தள்ளிய கை

காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் தறிச் சத்தம் முன்போல் வீட்டுக்கு வீடு கேட்பதில்லை. 2005ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும் அடுத்த தலைமுறை தறிக்குழியில் இறங்க மறுத்துவிட்டது. அவர்களைத்தான் கம்பெனி பஸ்ஸில் பார்த்தோம். அவர்களுடைய அப்பாக்களின் சிறுவயதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த ஆட்டக் கதையின் இன்னொரு பாதி புரியும்.

காஞ்சிபுரத்தின் பெருமையான கோர்வைச் சேலையில் உடலுக்கும் இரண்டு கரைகளுக்குமாக மூன்று நாடாக்கள் ஓடும். ஒருவரே மூன்றையும் ஓட்டுவது சிரமம். கரைப் பக்கம் உட்கார்ந்து நாடா தள்ள ஒரு துணை ஆள் வேண்டும். அந்தத் துணை ஆள் பல வீடுகளில் ஒரு குழந்தை. சொந்தப் பிள்ளை இல்லாவிட்டால், முன்பணம் கொடுத்து எடுத்த அடுத்த வீட்டுப் பிள்ளை. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. சோதனைகளும் சிறப்புப் பள்ளிகளும் மதிய உணவும் சேர்ந்து மெல்ல மெல்ல அந்தப் பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பின.

ஆகவே, ‘எங்க காலத்துல நாங்க தெருவுல விளையாடினோம்’ என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்லிவிட முடியாது. பலர் விளையாடவே இல்லை, நாடா தள்ளினார்கள். சாயங்காலம் என்ற ஒன்று பிள்ளைகளுக்குக் கிடைத்ததே ஒரு தலைமுறைக்குள் நடந்தது. வாரக்கணக்கில் நெய்து சேலையை இறக்கினால்தான் கூலி என்ற வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, ஒரு நிமிடப் பந்தயம் முடிந்த மறுநொடி நாணயம் கொட்டும் ஆட்டம் எவ்வளவு இனித்திருக்கும்! அப்படிக் கஷ்டப்பட்டுக் கிடைத்த சாயங்காலத்தின் மேல்தான் கம்பெனிகள் கண் வைத்திருக்கின்றன.

காசு எங்கிருந்து வருகிறது?

இலவச ஆட்டம் எப்படிப் பிழைக்கிறது என்பதைப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். முதல் சில ஆட்டங்களில் புதியவனுக்கு எதிரே நிற்பவர்களில் பெரும்பாலோர் மனிதர்களே இல்லை. கம்ப்யூட்டர் ஓட்டும் பொம்மைகள். பையன்கள் இதை ‘பாட் லாபி’ என்கிறார்கள். சுலபமாக ஜெயிக்கவிட்டு ருசி காட்டுவது அது. பல கார் பந்தயங்களில் நாம் பின்தங்கினால் முன்னே போகிற கார் வேகம் குறையும். நாம் முந்தினால் அது விரட்டிவரும். கடைசி வளைவு வரை நெஞ்சு படபடக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பிறகு மெல்லக் கதவு சாத்தப்படும். காருக்குப் பெட்ரோல் தீர்ந்துவிடும். காத்திரு, இல்லை விளம்பரம் பார், இல்லை காசு கட்டு. தினமும் வந்து தலையைக் காட்டினால் பரிசு. ஒரு நாள் வராவிட்டால் வரிசை அறுந்துபோகும்.

எல்லாவற்றுக்கும் மேலே சுழல் சக்கரம். ஃப்ரீ ஃபயரில் டைமண்ட், பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐயில் யூசி என்று ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு நாணயம். அதை நிஜப் பணத்தில் வாங்கிச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். ஆசைப்பட்ட உடை விழலாம், விழாமலும் போகலாம். பெரும்பாலான பிள்ளைகள் பத்துப் பைசா செலவழிப்பதில்லை. அவர்கள் தருவது நேரம், விளம்பரம் பார்க்கும் கண், ஆட்டத்தை நிரப்பும் கூட்டம். செலவழிப்பவர்கள் ஒரு சிறு பகுதியினர், அவர்களிடமிருந்துதான் வருமானம். சிக்கல் என்னவென்றால், அந்தச் சிறு பகுதியில் அம்மாவின் ஜிபே பின் நம்பரைத் தெரிந்துவைத்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் இருக்கக்கூடும்.

நம் சட்டங்கள் இந்தச் சக்கரத்தைத் தொடவில்லை. அரசுகள் இரண்டு வேறு கோபங்களோடு ஆட்டங்கள் மேல் பாய்ந்தன. ஒன்று, சீனக் கோபம். கல்வான் மோதலுக்குப் பிறகு 2020 செப்டம்பர் 2ல் பப்ஜி உள்பட 118 செயலிகள் தடை. 2021 ஜூலையில் கொரிய நிறுவனமான கிராஃப்டான் அதையே பிஜிஎம்ஐ என்ற பேரில் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதுவும் கடையிலிருந்து நீங்கியது, 2023 மே மாதம் திரும்பியது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை. அதன் இரட்டையான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பையன்கள் ஒரு வாரம்கூடத் திண்டாடவில்லை.

இன்னொன்று, ரம்மிக் கோபம். இது நியாயமான கோபம். ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்ததும் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் தமிழக அரசு குழு அமைத்தது. 2022ல் தடைச் சட்டம் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கியது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸுக்கும் சாதாரண ஆட்டங்களுக்கும் அந்தச் சட்டம் ஊக்கம் தருகிறது.

பணம் வைத்துப் பணம் எடுப்பதுதான் சட்டத்தின் குறி. பணம் வைத்து உடை எடுப்பது அதில் நேராகச் சிக்குவதில்லை. பெல்ஜியம் 2018லேயே இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டக் கணக்கில் சேர்த்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் சக்கரம் சுற்றக் காசு வாங்கக் கூடாது என்று இங்கேயும் ஒரு விதி எழுத முடியும். ஆட்டத்தையே தடை செய்வதைவிட அது சின்ன வேலை, பலன் பெரிது. பிள்ளைகளின் வேடத்தைப் பறிக்க வேண்டாம். கல்லாப் பெட்டியைப் பூட்டினால் போதும்.

பெற்றோர் செய்யக்கூடியதும் உண்டு. போனைப் பிடுங்கி உடைத்த வீடுகளில் சண்டைதான் மிச்சம். பிஜிஎம்ஐயில் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்று பதிந்தால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆட முடியாது. ஆனால் பிள்ளைகள் அப்பாவின் வயதைப் பதிகிறார்கள். உட்கார்ந்து சரியான வயதைப் பதிவு செய்யுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை காசு கட்டும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள். யுபிஐ பின்னைப் பிள்ளை எதிரில் அடிக்காதீர்கள். அதோடு, ஒரே ஒரு பந்தயம் கூட உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். அவன் யாரோடு பேசுகிறான், எந்தப் பேரில் ஆடுகிறான் என்பதாவது தெரியவரும்.

தூக்கமும் சாப்பாடும் பள்ளிக்கூடமும் கெட்டு, ஆட்டத்தை நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் மாதக்கணக்கில் தவிப்பவர்கள் வேறு ரகம். அந்த நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019ல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அது சில பேருக்கு வருவது. ஆடுகிற எல்லோருக்கும் வருவதல்ல. வந்தவர்களுக்குத் திட்டு பலிக்காது, வைத்தியம் வேண்டும். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி தமிழிலும் கிடைக்கிறது, கட்டணம் இல்லை. டைமண்ட் தருகிறேன் என்று சொல்லி யாராவது பணத்தைச் சுருட்டியிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். பணம் கைமாறிய முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம்.